ஒரே வீட்டு ரத்தம்

போன தை மாதத்தில் ஒரு நாள், விளக்கு வைக்கிற நேரத்துக்கு என் பால்ய சிநேகிதன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். வழக்கமாக வாசலிலேயே சிரிப்பும் சத்தமுமாக நுழைகிறவன் அன்று ஒன்றும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். காப்பி வந்தது; ஆறியது. அவன் தொடவில்லை.

"நீ கதை எழுதுகிறவன். நாலு புத்தகம் படித்திருப்பாய். ரத்தப் புற்றுநோய் பரம்பரையாக வருமா, வராதா?" என்று கேட்டான்.

அவன் மகன் இருபத்தாறு வயதுப் பிள்ளை. இரண்டு மாதமாகப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். தெரியாத சங்கதி ஒன்றை அன்று சொன்னான். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தங்கையின் மஜ்ஜை அண்ணனுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறதாம். வீட்டில் எல்லோரும் குலதெய்வத்துக்கு முடிந்து வைத்துச் சந்தோஷப்பட்டிருக்கும்போது, அந்த டாக்டர் சம்பந்தமில்லாத மாதிரி ஒரு கேள்வி கேட்டாராம். "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அடிக்கடி மூக்கில் ரத்தம் வருமா? அடிபடாமலே தோல் கன்றிப் போகுமா? இதே வியாதியில் யாராவது இறந்திருக்கிறார்களா?"

சிநேகிதன் வாயைத் திறக்குமுன் அவன் மனைவி, "எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் கிடையாது" என்று சொல்லிவிட்டாள்.

"அவளைக் குற்றம் சொல்லாதே. பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்றான்.

நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அவனுடைய அண்ணனை எனக்கு நினைவு வந்துவிட்டது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புப் படித்த வருஷம், முப்பது வயதில் அவர் போனார். 'விஷ ஜுரம்' என்று தெருவில் சொன்னார்கள். அது விஷ ஜுரம் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும், அதைப் பார்த்து வை. அடுத்த வாரம் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

நான் வைத்தியன் அல்ல. அந்த வாரம் முழுவதும் அகப்பட்டதையெல்லாம் படித்தேன். தெரிந்த டாக்டர் ஒருவரைத் தூங்கவிடாமல் கேள்வி கேட்டேன். சிநேகிதனுக்காகப் படிக்க ஆரம்பித்தது, ஒரு துப்பறியும் நாவலை விடச் சுவாரஸ்யமாகப் போய்விட்டது என்று சொன்னால் பாவம் வந்து சேரும். ஆனாலும் உண்மை அதுதான்.

ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு ரத்த வியாதி என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தவர்கள் பாரிஸ் நகரத்துக் கியூரி குடும்பத்தார். ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரி அம்மையார் 1934-ஆம் வருஷம் ஜூலை 4-ஆம் தேதி, பிரான்ஸின் மலைப் பிரதேசத்தில் ஒரு சானடோரியத்தில் காலமானார். எலும்புக்குள்ளே இருந்து ரத்தத்தை உற்பத்தி செய்கிற மஜ்ஜை செயலற்றுப் போய்விட்டதுதான் காரணம். 22 வருஷம் கழித்து, 1956 மார்ச் 17-ஆம் தேதி, அவருடைய மூத்த மகள் ஐரீன் பாரிஸில் இறந்தார். தாயைப் போலவே விஞ்ஞானி. தாயைப் போலவே நோபல் பரிசு பெற்றவர். அவரைக் கொண்டு போனது லுக்கீமியா, அதாவது ரத்தப் புற்றுநோய். வயது 58 தான்.

தாய்க்கும் மஜ்ஜையில் கோளாறு, மகளுக்கும் மஜ்ஜையில் கோளாறு. நம் ஊராக இருந்தால், "அந்த வீட்டு ரத்தம் அப்படி" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லி, அந்த வீட்டில் பெண் எடுப்பதையும் நிறுத்தியிருப்பார்கள்.

நடந்தது என்ன? 1914-இல் முதல் உலக யுத்தம் மூண்டபோது மேரி கியூரி எக்ஸ்-ரே கருவிகளை மோட்டார் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போர்க்களத்துக்குப் புறப்பட்டார். குண்டடிபட்ட சிப்பாய்களின் உடம்பில் குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்று காட்டுவதற்காக. அந்த வண்டிகளுக்குச் 'சின்னக் கியூரிகள்' என்று சிப்பாய்கள் செல்லப் பெயர் வைத்தார்கள். ஐரீனுக்கு அப்போது பதினேழு வயது. பதினெட்டு நிறைந்ததும் நிறையாததுமாகத் தாயின் பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்தாள். அந்தக் கிரணங்களிலிருந்து உடம்பைக் காத்துக்கொள்வது எப்படி என்பது அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. பிறகு வாழ்நாள் முழுவதும் ஆராய்ச்சிக் கூடம். 1946-இல் பொலோனியம் அடைத்த ஒரு குப்பி ஐரீனின் கூடத்திலேயே வெடித்தது வேறு. 1995-இல் மேரியின் உடலைப் பாரிஸின் பாந்தியன் மண்டபத்துக்கு மாற்றுவதற்காகத் தோண்டி எடுத்தபோது சோதித்துப் பார்த்தார்கள். ரேடியம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. யுத்த காலத்து எக்ஸ்-ரே கிரணங்கள்தான் அதிகத் தீமை செய்திருக்கும் என்று அபிப்பிராயப்பட்டார்கள்.

அந்த வீட்டில் இன்னொரு பெண் உண்டு. இளைய மகள் ஈவ். ஆராய்ச்சிக் கூடத்தின் வழிக்கே போகாதவர். பியானோ வாசித்தார், எழுதினார், தாயாரின் சரித்திரத்தை எழுதி உலகப் புகழ் பெற்றார். அதே தாய், அதே தகப்பன், அதே ரத்தம். 2007-இல் அவர் இறந்தபோது வயது 102!

ஆகவே கியூரி வீட்டில் தாயிடமிருந்து மகளுக்கு இறங்கியது ரத்தம் அல்ல, தொழில். இது எனக்குக் கிடைத்த முதல் பாடம். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே வியாதி என்றால் வமிசம் என்று உடனே அர்த்தமாகிவிடாது. ஹிரோஷிமாவிலும் இதே கதைதான். குண்டுக்குத் தப்பியவர்களிடையே சில வருஷங்களுக்குள் லுக்கீமியா மிகுந்தது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் பிறந்த குழந்தைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தும், அவர்களிடம் அந்த வியாதி அதிகமாகக் காணப்படவில்லை.

இந்த வியாதிக்குப் பெயர் வைத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 1845-இல் எடின்பரோவில் 28 வயது வாலிபன் ஒருவன் இறந்தான். கூரைக்குக் கல்பலகை வேய்கிற தொழிலாளி. பிரேதத்தை அறுத்துப் பார்த்த ஜான் ஹ்யூஸ் பென்னெட் என்ற டாக்டர், ரத்தமே சீழாக மாறிவிட்டது என்று எழுதினார். அதே வருஷத்தில் பெர்லினில் ருடால்ஃப் விர்ஹோ ஒரு சமையற்காரியின் பிரேதத்தில் இதே மாதிரி கண்டார். விர்ஹோவுக்கு அப்போது இருபத்து நாலு வயது. அவர் சீழ் என்று சொல்லவில்லை. 'வெள்ளை ரத்தம்' என்று மட்டும் எழுதினார். இரண்டு வருஷம் கழித்து அதையே கிரேக்கத்தில் மொழிபெயர்த்து 'லுக்கீமியா' ஆக்கினார். யார் முதலில் கண்டது என்று இருவருக்கும் நெடுநாள் சண்டை. கண்டுபிடித்தவர்கள் சண்டை போடாத வியாதி ஏதாவது உண்டா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

போகட்டும். வியாதி வமிசத்தில் வருமா என்பதுதான் நம் கேள்வி. அடுத்த நூறு வருஷத்துக்கு, 'அண்ணனுக்கு வந்தது, தம்பிக்கும் வந்தது' என்று ஒன்றிரண்டு டாக்டர்கள் அவ்வப்போது பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தவர்களில் முக்கியமானவர் டென்மார்க் தேசத்து விடெபெக். 1947-இல் கோபன்ஹேகனில் அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். லுக்கீமியா கண்ட 209 பேருடைய குடும்பங்களை விசாரித்தார். அவற்றில் 17 குடும்பங்களில் இன்னொருவருக்கும் அந்த வியாதி வந்திருந்தது. வியாதி இல்லாத 200 பேருடைய குடும்பங்களை விசாரித்தபோது ஒன்றே ஒன்று.

பதினேழுக்கு ஒன்று! விஷயம் முடிந்தது என்று தோன்றுகிறதல்லவா? முடியவில்லை. இந்த ஒப்பீடு சரியானதுதானா என்று மற்ற ஆராய்ச்சியாளர்கள் கிளம்பிவிட்டார்கள். வீட்டில் ஒரு பிள்ளை சாகக் கிடக்கும்போது விசாரித்தால், தாத்தாவின் தம்பிக்கு வந்த ஜுரம் வரைக்கும் ஜனங்கள் நினைவுபடுத்திச் சொல்வார்கள். சௌக்கியமாக இருக்கிறவனைக் கேட்டால், "எல்லோரும் வயதாகித்தான் போனார்கள்" என்பான். ஞாபகம் என்கிற தராசு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிறுப்பதில்லை.

இதைப் படித்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. டென்மார்க்கில் வியாதி உள்ள வீட்டார் அதிகமாகச் சொல்லிவிட்டார்களோ என்று சண்டை. எங்கள் ஊரில் விசாரித்திருந்தால் கணக்கு நேர் எதிராகப் போயிருக்கும். வியாதி உள்ள வீடுதான் முதலில் கதவைச் சாத்தும்.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் அவசியம். பத்திரப் பதிவு ஆபீஸில் மூலப் பத்திரம் ஒன்று இருக்கும். அதைப் பார்த்து எத்தனையோ நகல்கள் எழுதுவார்கள். தாய் தகப்பனிடமிருந்து நாம் பெறுகிற மரபணுக்கள் மூலப் பத்திரம். உடம்பில் நாள்தோறும் பிறக்கிற கோடிக்கணக்கான அணுக்கள் நகல்கள். நகல் எழுதும்போது எங்கேயோ பிழை விழுந்து, அந்தப் பிழையான நகலிலிருந்தே மேலும் மேலும் நகல் எடுத்தால், அதுதான் புற்றுநோய். 1960-இல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் ஒருவகை லுக்கீமியா நோயாளிகளின் ரத்த அணுக்களில் குட்டையாகிப் போன ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். அது ரத்தத்தில் மட்டும் விழுந்த பிழை. மூலத்தில் இல்லை, பிள்ளைகளுக்குப் போகாது. லுக்கீமியா கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இப்படி நகலில் பிழை விழுந்தவர்களே. அவர்களுடைய குடும்பத்தில் வேறு யாருக்கும் அந்த வியாதி வந்திருக்காது. இனி வரப்போவதும் பெரும்பாலும் இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

மூலத்தில் பிழை இருக்கக்கூடுமா என்பதற்கு இரட்டைக் குழந்தைகளை விடச் சிறந்த சாட்சி யார்? உருவத்தில் ஒன்றாக இருக்கிற இரட்டையருக்கு மூலப் பத்திரம் ஒன்றே. அவர்களில் ஒரு சிசுவுக்கு முதல் வயதுக்குள் லுக்கீமியா வந்தால், மற்றதற்கும் பெரும்பாலும் வந்துவிடுகிறது என்று டாக்டர்கள் கண்டார்கள். "பார்த்தீர்களா, பரம்பரை!" என்று சொல்லத் தோன்றும். ஆனால் அப்படியானால், வளர்ந்த பிறகும் இரட்டையர் இருவருக்கும் சேர்ந்தே வர வேண்டுமே? பெரியவர்களிடம் அப்படிக் காணோம்.

இந்த முடிச்சை 1993-இல் இங்கிலாந்தில் மெல் கிரீவ்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் அவிழ்த்தார்கள். இரட்டைச் சிசுக்களின் வியாதி அணுக்களை எடுத்து, மரபணு முறிந்து ஒட்டிய இடத்தைப் பார்த்தார்கள். இருவருக்கும் ஒரே இடத்தில், எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி முறிந்திருந்தது. ஆனால் அந்த முறிவு அவர்களுடைய உடம்பின் மற்ற அணுக்களில் இல்லை. ஆகவே தாய் தகப்பன் கொடுத்தது அல்ல. கர்ப்பத்தில் ஒரு சிசுவின் ஒரே ஓர் அணுவில் பிழை விழுந்திருக்கிறது. இருவருக்கும் நஞ்சுக்கொடி ஒன்றாக இருந்ததால், அந்த அணுவின் சந்ததி ஒரு சிசுவின் ரத்தத்திலிருந்து மற்றதன் ரத்தத்துக்குப் போயிருக்கிறது. வமிசம் அல்ல, ஒரே அறையில் குடியிருந்த தோஷம்.

இதற்கு ஓர் அழகான பின்கதை உண்டு. அமெரிக்க டாக்டர் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் உலர்த்திப் பரீட்சை செய்யும் வழக்கத்தை 1960-களில் பரப்பினார். அது வேறொரு வியாதிக்காக. அட்டைகளைப் பல இடங்களில் எறியாமல் அடுக்கி வைத்திருந்தார்கள். 1997-இல் கிரீவ்ஸ் குழுவினர், பிற்பாடு லுக்கீமியா கண்ட குழந்தைகளின் அந்தப் பழைய அட்டைகளைத் தேடி எடுத்து, காய்ந்த ரத்தப் பொட்டைக் கரைத்துப் பார்த்தார்கள். பிறந்த அன்றைக்கே பிழை அங்கே இருந்தது! தொட்டிலில் பேர் வைப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. நம்மவர்கள் இதைத் தலையெழுத்து என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் எழுதியது தகப்பன் வமிசமும் அல்ல, தாய் வமிசமும் அல்ல.

இதுவரைக்கும் படித்தபோது சிநேகிதனுக்குச் சொல்ல நல்ல சேதி கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். தொழில், குண்டு, கர்ப்பம், எல்லாம் உண்டு. வமிசம் மட்டும் இல்லை. பிறகுதான் மற்றவை வந்தன.

1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பெதஸ்டா என்ற ஊரில் உள்ள தேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் ஃபிரெடரிக் லி, ஜோசப் ஃபிராமெனி என்று இரண்டு இளம் டாக்டர்கள் இருந்தார்கள். லி சீனாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். அவர்கள் பார்வைக்கு ஒரு தகப்பனும் மகனும் வந்தார்கள். தகப்பனுக்குக் கடுமையான லுக்கீமியா. கைக்குழந்தையான மகனுக்குத் தசையில் புற்றுநோய். இரண்டும் வேறு வேறு வியாதி. வேறு யாராக இருந்தாலும் 'பாவம், கெட்ட காலம்' என்று விட்டிருப்பார்கள். இவர்கள் அந்தக் குடும்பத்தாரை உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். தகப்பன் வழியில் ஒவ்வொருவராகக் கணக்கெடுத்தபோது, இளம் வயதில் புற்றுநோயால் மாண்டவர்கள் வரிசையாக வந்தார்கள். ஆளுக்கு ஓர் அவயவத்தில், ஆளுக்கு ஒரு பெயரில்.

பிறகு அந்த இருவரும் செய்த காரியத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அப்படித் தசையில் புற்றுநோய் கண்ட 648 குழந்தைகளின் ஆஸ்பத்திரிக் குறிப்புகளையும் மரணச் சான்றுகளையும் புரட்டினார்கள். கூலி வேலை மாதிரி. அதிலிருந்து இதே மாதிரியான குடும்பங்களைப் பொறுக்கி, மொத்தம் நான்கு குடும்பங்களைப் பற்றி 1969-இல் கட்டுரை வெளியிட்டார்கள். கட்டுரையின் தலைப்பு ஒரு கேள்விக்குறியோடு முடிந்தது. இது குடும்ப வியாதிதானா? என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். கேள்விக்குறியை எடுக்க இருபத்தொரு வருஷம் ஆயிற்று. 1990-இல் அந்தக் குடும்பங்களின் மூலப் பத்திரத்திலேயே பிழை இருப்பதைக் கண்டார்கள்: அணுக்கள் தறிகெட்டுப் பெருகாமல் காவல் காக்கிற பி-53 என்ற மரபணுவில்.

காவற்காரனே தூங்கினால் திருடன் எந்த வாசல் வழியாகவும் வருவான். அதனால்தான் ஒருவருக்கு ரத்தத்திலும், ஒருவருக்குத் தசையிலும், ஒருத்திக்கு மார்பிலும் வந்தது.

இவை எல்லாப் புற்றுநோய்களையும் சுமக்கிற குடும்பங்கள். ரத்தத்தை மட்டும் பற்றுகிற பிழையும் உண்டா? உண்டு. சிநேகிதனின் டாக்டர் மூக்கு ரத்தத்தைப் பற்றி ஏன் கேட்டார் என்பது இங்கேதான் எனக்கு விளங்கியது. சில குடும்பங்களில் ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் பிறப்பிலேயே கொஞ்சம் குறைவாக இருக்கும். இருப்பவையும் சரியாக வேலை செய்யா. பெரிய தொந்தரவு ஒன்றும் இல்லை. பல் பிடுங்கினால் ரத்தம் நிற்கத் தாமதமாகும். தொடையில் காரணமில்லாமல் நீலம் பாரிக்கும். 'உஷ்ண உடம்பு' என்று சொல்லிவிட்டுப் போகிற சமாசாரம். ஆனால் அந்தக் குடும்பங்களில் சுமார் பத்தில் நாலு பேருக்குப் பிற்காலத்தில் லுக்கீமியாவோ அதன் முன்னோடியான மஜ்ஜைக் கோளாறோ வந்தது. 1999-இல் அதற்குக் காரணமான பிழையை 21-ஆவது குரோமோசோமில், இன்று ரன்க்ஸ்-1 என்று சொல்லப்படுகிற மரபணுவில் கண்டுபிடித்தார்கள். தாய் தகப்பனில் ஒருவரிடம் இருந்தால் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அதன் பிறகு மூலப் பிழைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. 2015-இல் கண்ட ஒன்று விசித்திரமானது. அந்தப் பிழை உள்ளவர்களுக்கு வியாதி அறுபது வயதுக்கு மேல்தான் பெரும்பாலும் வருகிறது. 'கிழவர், வயதாகி வந்தது' என்று எல்லோரும் நினைத்ததும் வமிசமாக இருந்திருக்கிறது! 2016-இல் உலக சுகாதார ஸ்தாபனம் தன் ரத்த வியாதிப் பட்டியலில் பரம்பரைப் போக்கு உள்ளவற்றுக்கென்று தனியாக ஓர் இடம் ஒதுக்கியது. ஸ்வீடன் தேசத்தார் தங்கள் பதிவேடுகளைக் கொண்டு போட்ட கணக்கு இன்னொன்று: முதுமையில் மெல்ல வளர்கிற ஒருவகை லுக்கீமியா உள்ளவரின் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல எட்டரை மடங்கு. எட்டரை மடங்கு என்றதும் பயந்துவிட வேண்டாம். மிக அபூர்வமான ஒன்றை எட்டால் பெருக்கினாலும் அபூர்வம் அபூர்வம்தான்.

இனி, சிநேகிதனின் கேள்விக்கு வருகிறேன். சொல்லாவிட்டால் என்ன ஆகும்?

மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைச் சாத்தியமாக்கிய அமெரிக்க டாக்டர் டோனல் தாமஸ் 1950-களில் ஆரம்பித்து, எத்தனையோ தோல்விகளுக்குப் பிறகு வெற்றி கண்டு, 1990-இல் நோபல் பரிசு பெற்றார். வியாதி பிடித்த மஜ்ஜையை மருந்தாலும் கிரணத்தாலும் அடியோடு அழித்துவிட்டு, வேறொருவரின் நல்ல மஜ்ஜையை ஏற்றுவது. உடன்பிறந்தவர் ஒருவரின் மஜ்ஜை முழுக்கப் பொருந்துவதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. பொருந்தினால் அதைப் போல உத்தமமான தானம் இல்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். மூலப் பத்திரத்திலே பிழை உள்ள குடும்பங்களில்தான் வினை. வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாக இருக்கிற தங்கையிடமும் அதே பிழை இருக்கலாம். அவள் மஜ்ஜையை அண்ணனுக்கு ஏற்றினால், அது சரியாக வேர் பிடிக்காமல் போகலாம். பிடித்தாலும், எந்த விதையைக் களைந்தார்களோ அதே விதையை மறுபடி ஊன்றியதாகலாம். இப்படி நடந்தும் இருக்கிறது. தானம் கொடுத்தவரின் அணுக்களிலிருந்தே புதிதாக லுக்கீமியா முளைத்திருக்கிறது. அதனால்தான் இப்போது டாக்டர்கள் முன்கூட்டியே குடும்பத்தைக் கிண்டிக் கிளறுகிறார்கள்.

அதைச் சோதிக்கிற முறையும் வேடிக்கையானது. ரத்தத்தைச் சோதித்துப் பயனில்லை. ரத்தத்தில்தான் வியாதியே இருக்கிறது. மூலப் பிழை எது, நகல் பிழை எது என்று பிரிக்க முடியாது. உமிழ்நீரிலும் ரத்த அணுக்கள் கலந்திருக்கும். ஆகவே புஜத்தில் ஒரு சிறு துண்டுத் தோலை வெட்டி எடுத்து, அதன் அணுக்களைக் கண்ணாடிக் குப்பியில் வாரக்கணக்கில் வளர்த்து, அதில் பிழை தேடுகிறார்கள். தோலிலும் இருந்தால் அது மூலம். நோயாளிக்கோ வாரங்கள் பொன்னுக்குச் சமானம். குடும்பத்தார் வாய் திறந்து சொன்னால், எங்கே தேடுவது என்பதும் எவ்வளவு அவசரமாகத் தேடுவது என்பதும் டாக்டருக்குத் தெரியும்.

அடுத்த வாரம் சிநேகிதன் வந்தான். தனியாக அல்ல; மகளும் கூட வந்திருந்தாள். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பிரசங்கத்தை ஆரம்பிக்குமுன் அவளே சொன்னாள்: "நான் டாக்டரிடம் சொல்லிவிட்டேன், மாமா. எனக்கு ஆறு வயதிலிருந்து மூக்கில் ரத்தம் வரும். அம்மா வெங்காயத்தைக் கசக்கி வைப்பாள். அண்ணன் புஜத்திலிருந்தும் என் புஜத்திலிருந்தும் தோல் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்." முழங்கைக்கு மேலே சிறிய பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

அம்மா என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே, "அம்மா இரண்டு நாள் பேசவில்லை. நேற்றுப் பேசினாள்" என்றாள்.

பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். குடும்பத்தில் யார் யாருக்கு என்ன என்று எழுதிக்கொண்டு வரும்படி டாக்டர் சொன்னாராம். முதல் வரியில் அப்பாயி: ஒவ்வொரு பிரசவத்திலும் ரத்தம் அதிகமாகப் போய்ப் பிழைத்தது. மூன்றாவது வரியில் அத்தை: பல் பிடுங்கி மூன்று நாள் ரத்தம் நிற்காதது. பிறகு அண்ணன், பிறகு அவள். இரண்டாவது வரியில் பெரியப்பாவின் பெயர் மட்டும் இருந்தது. எதிரே ஒன்றும் இல்லை.

"பெரியப்பா எந்த வருஷம் போனார்? என்ன வியாதி என்று போட்டிருந்தது? உங்களுக்கு ஞாபகம் இருக்குமே, மாமா?"

எனக்கு வருஷம் ஞாபகம் இருந்தது. பரீட்சை சமயம் என்றேன். மார்ச்சா, ஏப்ரலா என்று தெரியவில்லை.

"பங்குனி உத்திரத்துக்கு மறுநாள். லுக்கீமியா என்று சீட்டில் எழுதியிருந்தது. அப்பா அந்தச் சீட்டை அடுப்பில் போட்டார்" என்றான் சிநேகிதன். அத்தனை வருஷத்தில் அவன் வாயால் அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றுதான்.

அவள் எழுதிக்கொண்டாள். பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவில் ஒரு வரி காலியாக விட்டிருந்தது. பேனாவை அங்கே வைத்துக்கொண்டு தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுது. சவரம் பண்ணும்போது கீறினால் எனக்கு மத்தியானம் வரைக்கும் நிற்காது" என்றான்.